பக்கத்துக்குப் பதினைந்து

இன்சூரன்ஸ் கம்பெனியின் அடையாள அட்டையைத்
திருப்பிக் கொடுத்த மறுவாரம்
கீழ்வீட்டுக் குமுதவல்லி கேட்டார்:
"இப்போ எங்கே வேலை?"
"புத்தகம் எடிட் பண்றேன். வீட்லேர்ந்து."
"டைப்பிங்கா?"
"அந்த மாதிரி" என்றேன்.
வாடகை ஐந்தாம் தேதி என்பதை
இன்னொரு முறை சொல்லிவிட்டு
மோட்டார் போடப் போனார்.

முதல் பிரதி ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தது,
கட்டைப்பையில், மேலே ஒரு துண்டு போர்த்தி.
சகாயநாதன். குடிநீர் வாரியத்தில்
முப்பத்தோரு வருஷம் வால்வு திறந்தவர்.
முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
"ஜனவரி புக் ஃபேருக்குள்ள முடியுமாம்மா?
பக்கத்துக்கு எவ்ளோ?"
கண்ணாடி முன் நின்று
இருபது, இருபது என்று சொல்லிப் பழகியிருந்தேன்.
வாய் பதினைந்து என்றது.

வேளச்சேரியில் அந்த நவம்பர் முழுக்க மழை.
கரண்ட் போன இரவுகளில்
போன் வெளிச்சத்தைத் தோளில் இடுக்கிக்கொண்டு படித்தேன்.
தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.
கையில் இருந்ததெல்லாம்
தண்ணீர் வராத கதை.

அவர் எழுதியிருந்தது 'தண்ணீர் குழாய்'.
இருநூற்றுப் பதினான்கு இடங்களில்.
ஒவ்வொன்றிலும் ஒரு 'க்' வைத்தேன்,
இணைப்பில் வாஷர் வைப்பதுபோல.
தண்ணீர்க் குழாய். இனி ஒழுகாது.
ல, ள, ழ மூன்றும் அவருக்கு
ஒரே மெயினில் வந்தன. பிரித்துவிட்டேன்.
அதிகாரிகளைத் திட்டிய நாலு பக்கத்தை
ஒன்றாக்கியதில்
திட்டு கெட்டியாயிற்று.
பரவாயில்லையே என்று
எனக்கு நானே ஒரு டீ போட்டுக்கொண்டேன்.

பிறகு அந்த வரி.
கொடுங்கையூரில் மெயின் உடைந்த அத்தியாயத்தில் ஒன்று.
லாரிக்கு அடிதடி நடந்த கோடையில் ஒன்று.
மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் ஒன்று.
"அன்னைக்கு அமலோற்பவம் ரெண்டு குடம்தான் பிடிச்சா."
கூறியது கூறல்.
பள்ளிப் பரீட்சையில் எழுதி
ரெண்டு மார்க்கும் வாங்கிய குற்றம்.
முதலாவதை விட்டு மற்ற இரண்டையும் அடித்தேன்.
பக்கம் சுத்தமாக இருந்தது.

திருத்தம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள்
ராத்திரி பத்தரைக்குப் போன்.
குரலில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் சுலபம்.
"வால்வுக்காரன் பொண்டாட்டி
மூணாவது குடம் வெச்சா தெரு பேசும்மா.
அதான் ரெண்டு.
நீங்க நெனைக்கிற மாதிரி அது மூணு தடவ இல்ல.
மூணு நாள்."

மழை விட்டிருந்தது.
அடித்த வரிகளின் கீழே
புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய்
ஓரத்தில் எழுதினேன்:
இருக்கட்டும்.

டிசம்பர் கடைசியில்
பாரிஸ் கார்னர் டீக்கடையில்
ஐந்தாயிரத்தை எண்ணிக் கொடுத்தார்.
இருநூற்று முப்பது நான் மீதி தரவேண்டும்.
பையைத் துழாவினேன்.
கையை அசைத்து அவரும் சொன்னார்
அதே சொல்லை.

நந்தனத்தில், கேன்டீனை ஒட்டிய கடைசி அரங்கில்
புத்தகம் கிடைத்தது.
நன்றிப் பக்கத்தில்
பைண்டிங் செய்தவர் பெயர்கூட இருந்தது,
என் பெயர் இல்லை.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில்
ஒரு குழாய் 'க்' இல்லாமல்
ஒழுகிக்கொண்டிருந்தது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

அங்கேயே போன் வந்தது.
அண்ணா நகரில் ஒரு பல் டாக்டர்,
சுயசரிதையா சமையல் குறிப்பா என்று
அவருக்கே தெரியாத நானூறு பக்கம்.
"பக்கத்துக்கு எவ்ளோ வாங்குறீங்க?"
"இருபது."
எதிர்முனையில் மௌனம்.
பக்கத்தில் யாரோ மிளகாய் பஜ்ஜி கேட்டார்கள்.
ஒலிபெருக்கியில் தொலைந்த குழந்தையின்
சட்டை நிறத்தைச் சொன்னார்கள்.
மௌனம் இன்னும் இருந்தது.
அதில் நான்
ஒரு காற்புள்ளிகூடப் போடவில்லை.